எம்மா தளம்: நகரத்தின் கடன் தெரிகிறது, வேலை தெரிவதில்லை

அமெரிக்காவில் ஒரு நகரம் குடிநீர்க் குழாய்களை மாற்றவோ பாலம் கட்டவோ பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கினால், அந்தக் கடனுக்கான ஆவணங்கள் எம்மா என்ற இணையதளத்தில் வந்து சேர்கின்றன. முனிசிபல் பத்திரச் சந்தைக்கு விதி வகுப்பதற்காக 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்படுத்திய எம்.எஸ்.ஆர்.பி. என்னும் வாரியம் இதை 2008இல் சோதனை முறையில் தொடங்கியது. 2009 ஜூலை முதல், நகரங்கள் ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய நிதித் தகவல்களும் இங்கேதான் பதிவேற்றப்படுகின்றன. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. முதலீட்டாளரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட இந்தத் தளம், அந்தக் கடனைச் சொத்து வரியாகவும் குடிநீர்க் கட்டணமாகவும் அடைக்கப்போகிற சாதாரணக் குடியிருப்பாளருக்கு எந்த அளவுக்குப் பயன்படும் என்பதையே இங்கே எடைபோடுகிறேன்.

முதல் தடை தேடலிலேயே வந்துவிடுகிறது. நகரத்தின் பெயரைத் தட்டினால் நகராட்சி தன் பெயரில் வாங்கிய கடன்கள் கிடைக்கும். ஆனால் குடிநீர் வாரியம், வாகன நிறுத்த ஆணையம், மறுமேம்பாட்டு முகமை, பள்ளி மாவட்டம் (பொதுப் பள்ளிகளை நடத்தும் தனி உள்ளாட்சி அமைப்பு) ஆகியவை தனித்தனிப் பெயர்களில் கடன் வாங்கியிருக்கும். ஒரே வீட்டுக்காரர் இவை அத்தனைக்கும் பணம் கட்டுபவராக இருந்தாலும், தன் தலைமேல் இருக்கும் மொத்தக் கடன் எவ்வளவு என்பதை ஒரே பக்கத்தில் பார்க்க முடியாது. வரைபடத்தில் மாநிலத்தைத் தேர்ந்து, வெளியீட்டாளர் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வதே நடைமுறையில் கைகொடுக்கும் வழி. ஒவ்வொரு பத்திரத்தையும் அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக ஒன்பது இடங்கள் கொண்ட கியூசிப் குறியீடு தரகருக்கு வசதியானது. குடியிருப்பாளருக்கு அது எங்கே கிடைக்கும்?

சரியான வெளியீட்டைக் கண்டுபிடித்துவிட்டால் கிடைப்பது உண்மையான புதையல்தான். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உரிய அதிகாரபூர்வ அறிக்கை நூறு பக்கங்களைத் தாண்டுவது சாதாரணம் என்றாலும், அவற்றில் இரண்டு அட்டவணைகளை மட்டும் படித்தால் போதும். ஒன்று, பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது என்று காட்டுவது: திட்ட நிதிக்கு எவ்வளவு, இருப்பு நிதிக்கு எவ்வளவு, பழைய கடனை அடைக்க எவ்வளவு, வழக்கறிஞர், ஆலோசகர், தரமதிப்பீட்டு நிறுவனம், பத்திரத்தை வாங்கி விற்கும் நிறுவனம் ஆகியோருக்கு எவ்வளவு என்று அதில் பிரித்துப் போட்டிருப்பார்கள். புதிய பூங்காவுக்கென்று மேடையில் பேசப்பட்ட கடனில் பெரும்பகுதி பழைய கடனை அடைக்கப் போகிறது என்றால், அது இந்த அட்டவணையில் ஒளிந்துகொள்ள முடியாது. மற்றொன்று, ஆண்டுவாரியாக அசலும் வட்டியும் கட்ட வேண்டிய அட்டவணை. கலிஃபோர்னியாவின் போவே பள்ளி மாவட்டம் 2011இல் சுமார் 10.5 கோடி டாலர் கடன் வாங்கி, ஏறத்தாழ 100 கோடி டாலர் திருப்பிக் கட்ட ஒப்புக்கொண்டது. முதல் இருபது ஆண்டுகள் ஒரு தவணையும் கிடையாது, வட்டி மட்டும் அசலோடு சேர்ந்துகொண்டே போகும். ஊடகங்களில் இது வெடித்த பிறகு, 2013இல் அந்த மாநிலம் இத்தகைய பள்ளிக் கடன்களில் திருப்பிக் கட்டும் மொத்தத் தொகை அசலின் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டது. முதல் பல ஆண்டுகளின் கட்டங்கள் வெறுமையாகவும் பிற்பாதியின் எண்கள் பூதாகரமாகவும் நிற்கும் இப்படிப்பட்ட அட்டவணையை அடையாளம் காண நிதிப் படிப்பு தேவையில்லை.

கடன் வாங்கிய பின்னும் நகரம் பேச வேண்டும் என்பது எம்மாவின் இரண்டாவது பலம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் 15சி2-12 என்ற விதிப்படி, ஆண்டு நிதித் தகவலும், தவணை தவறுதல், தரமதிப்பீடு மாறுதல் போன்ற பதினாறு வகை நிகழ்வுகள் பற்றிய அறிவிப்பும் இங்கே பதிவாக வேண்டும். நிகழ்வு அறிவிப்புக்குப் பத்து வேலை நாட்களே அவகாசம். வங்கியிடம் நேரடியாக வாங்கும் கடன்கள் நெடுங்காலம் இந்த வலையில் சிக்காமல் இருந்தன. 2019 பிப்ரவரி இறுதி முதல்தான் அவற்றில் முக்கியமானவற்றையும் அறிவிக்க வேண்டும் என்றாகியது. அதற்கு முந்தைய ஆண்டுகளை ஆராய்பவர் எம்மாவை மட்டும் நம்பினால் கணக்கு குறையும்.

விதி இருப்பதும் நகரங்கள் அதன்படி நடப்பதும் வேறு வேறு. பென்சில்வேனியா மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க், குப்பை எரிக்கும் ஆலைக்காகத் தலையில் ஏற்றிக்கொண்ட கடனில் மூழ்கிக்கொண்டிருந்த அதே வேளையில், 2009 தொடக்கம் முதல் 2011 மார்ச் வரை அளித்திருக்க வேண்டிய ஆண்டுத் தகவல்களை அளிக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் நகரின் பட்ஜெட் ஆவணமும் மேயரின் உரையுமே தகவலாக நின்றன. அவை தவறான எண்ணத்தை ஏற்படுத்தின என்று 2013 மே மாதத்தில் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. பத்திர ஆவணங்களுக்கு வெளியே சொன்னவற்றுக்காக ஒரு நகரத்தின் மீது ஆணையம் அப்படிக் குற்றம் சாட்டியது அதுவே முதல் முறை. மறு ஆண்டே, பழைய தவறுகளைத் தாமாக ஒப்புக்கொள்பவர்களுக்குச் சலுகை என்று ஆணையம் அறிவித்தபோது, அந்தச் சலுகைத் திட்டத்தின் கீழ் இறுதியில் பத்திரங்களை வாங்கி விற்கும் 72 நிறுவனங்களும் 71 வெளியீட்டாளர்களும் நடவடிக்கைக்கு உள்ளானார்கள். எம்மாவில் ஆவணம் இல்லாமையே ஒரு செய்தி என்பதை இதனால்தான் வலியுறுத்துகிறேன். பதிவேற்றப்பட்ட கணக்கைத் தளத்தை நடத்தும் வாரியம் தணிக்கை செய்வதில்லை. வந்ததை அப்படியே வைக்கிறது.

இவ்வளவும் கடனைப் பற்றியது. அந்தக் கடனால் நடக்கும் வேலையைப் பற்றிக் கேட்டால் தளம் ஏறத்தாழ மௌனம் சாதிக்கிறது. அதிகாரபூர்வ அறிக்கையில் 'பல்வேறு மூலதனப் பணிகள்' என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடுவது உண்டு. எந்தத் தெரு, எந்த ஒப்பந்ததாரர், மதிப்பீடு எவ்வளவு, எத்தனை முறை திருத்தப்பட்டது, மீதிப் பணம் எங்கே கிடக்கிறது ஆகிய கேள்விகளுக்கு இங்கே விடை தேடுவது வீண். பத்திரம் வாங்கியவருக்கு வட்டி தவறாமல் வந்தால் போதும். பாலம் கோணலாக எழுந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. தளத்தின் அமைப்பு அவருடைய கவலைகளின் வடிவத்திலேயே இருக்கிறது.

இந்த இடைவெளியைக் கலிஃபோர்னியா வேறு வழியில் நிரப்பப் பார்த்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் நிறைவேறிய 39ஆவது முன்மொழிவின்படி, 55 விழுக்காடு வாக்கு பெற்றுப் பள்ளிக் கடன் வாங்கும் மாவட்டம், குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் கண்காணிப்புக் குழுவை நியமிக்க வேண்டும். மாவட்டத்தின் ஊழியரோ ஒப்பந்ததாரரோ அதில் இடம்பெறக் கூடாது. நிதித் தணிக்கையோடு செயல்திறன் தணிக்கையும் ஆண்டுதோறும் நடக்க வேண்டும். குழுவை நியமிப்பது கண்காணிக்கப்படும் நிர்வாகமே என்பதும், செலவான பிறகு கேள்வி கேட்கலாமே தவிர ஒப்பந்தத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லை என்பதும் இதன் குறைகள். ஆனாலும் எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு போனது என்று கேட்பதற்கென்றே உட்காரும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தக் குழுவின் அறிக்கையும் எம்மாவின் அட்டவணையும் ஒரே இடத்தில் கிடைத்தால் படிப்பவருக்கு எவ்வளவு வசதி! இப்போதைக்கு இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்து ஒப்பிடுவது படிப்பவரின் சொந்தப் பொறுப்பு.

காலம் பற்றிய குறையை நான் இன்னும் கடுமையாகவே பார்க்கிறேன். பத்திரம் விற்பனையாவதற்கு முன்பே ஆவணங்களைத் தாக்கல் செய்யுமாறு நகரங்களை ஆணையமோ வாரியமோ கட்டாயப்படுத்த முடியாதபடி, 1975இல் பத்திரச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட டவர் திருத்தம் தடுக்கிறது. முதற்கட்ட அறிக்கையை முன்கூட்டியே பதிவேற்றுவது நகரத்தின் விருப்பம். நகரமன்றம் வாக்களித்து, விலை நிர்ணயமாகி, கையெழுத்தும் ஆன பிறகே முழு ஆவணம் கண்ணில் படுமென்றால், அதை வைத்துக்கொண்டு குடியிருப்பாளர் அந்தக் கடனைத் தடுக்க முடியாது. அடுத்த கடனுக்கான கூட்டத்தில் கேள்வி கேட்க மட்டுமே முடியும்.

அந்தக் கேள்விக்காகவாவது இந்தத் தளத்தைப் பயன்படுத்தலாம் என்றே சொல்வேன். உள்ளூர் செய்தியாளர், வரிசெலுத்துவோர் சங்கத்தார், நகரமன்றக் கூட்டத்துக்கு விடாமல் போகிறவர் ஆகியோருக்கு இது கட்டாயம் தேவை. சாலை எப்போது முடியும் என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புபவர் நகரப் பொறியியல் துறையைக் கேட்பதே மேல். பயன்படுத்த முடிவு செய்பவர்கள் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, தம் நகரத்தின் பத்திரங்களுக்கு மின்னஞ்சல் எச்சரிக்கை வைத்துக்கொள்வது நல்லது. நகராட்சிக்கு வைத்த கையோடு குடிநீர் வாரியத்துக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் வைத்துவிட வேண்டும்.