404: எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்புவதா, மொழிவாரியாகக் கோப்பு வைப்பதா?

பல மொழிகளில் ஒரு தளம் கட்டுகிறீர்கள். சொந்தக் கணினியில் தமிழ்ப் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் எல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றன. சர்வரில் ஏற்றியதும் முகப்பைத் தவிர எதைத் தொட்டாலும் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை. இதற்கு மூன்று வழிகள் உண்டு. அவற்றில் இறங்குமுன், 404 என்று சொல்வது யார் என்று பாருங்கள். வெறும் வெள்ளைப் பக்கத்தில் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளின் பெயரோடு வந்தால், கோரிக்கை பெரும்பாலும் செயலியை எட்டவே இல்லை. நீங்கள் வடிவமைத்த பிழைப் பக்கமே வந்தால் முதலில், செயலிக்குள் முகவரியைப் பக்கத்தோடு பொருத்தும் ரவுட்டரில் மொழிக்குறியீட்டைத் தேடுங்கள். இணைப்பைச் சொடுக்கினால் திறந்து, புதுப்பித்தால் மட்டும் காணாமல் போகிறதா? உலாவிக்குள் ஓடும் ரவுட்டருக்குத் தெரிந்த பாதை சர்வருக்குத் தெரியவில்லை.

பலரும் முதலில் கைவைப்பது திருப்பிவிடும் வழியில்தான்: கோப்பு இல்லாத எந்த முகவரிக்கும் முகப்பான இண்டெக்ஸ் கோப்பையே கொடுத்துவிடுவது. என்ஜின்எக்ஸில் ஒரே வரி. அப்பாச்சி என்ற இன்னொரு சர்வர் மென்பொருளில் எச்டிஅக்செஸ் என்ற அமைப்புக் கோப்பில் எழுதலாம், ஆனால் 2.3.9 பதிப்பு முதல் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாமல் இருப்பதே அதன் இயல்பமைப்பு.

விரைவான வழிதான், ஆனால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை குறைவு. இது பிழையைத் தீர்ப்பதைவிட மறைப்பதே அதிகம். தமிழ் மொழிபெயர்ப்புச் சொற்களை வைத்திருக்கும் ஜேசன் வடிவக் கோப்பு ஏறாமல் விடுபட்டது என்று வையுங்கள். சர்வர் 404 சொல்லாது. 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 200 என்று சொல்லி எச்டிஎம்எல் பக்கத்தை நீட்டும். ஜேசனை எதிர்பார்த்த நிரல் முதல் கோண அடைப்புக்குறியிலேயே இடறி விழும். திரையில் 'முகப்பு' என்று வரவேண்டிய இடத்தில் 'நேவ்.ஹோம்' என்ற சாவிச்சொல் பல்லிளிக்கும். இந்த வழியைத்தான் எடுப்பதென்றால், மொழிக்கோப்புகள் இருக்கும் அடைவையாவது விதிவிலக்காக்குங்கள்.

ஒவ்வொரு மொழிக்கும் பக்கங்களை முன்கூட்டியே கோப்புகளாக உருவாக்கி வைப்பது இரண்டாவது. இல்லாத பக்கத்துக்கு உண்மையான 404 கிடைக்கும், தேடுபொறியும் குழம்பாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரை என் ஓட்டு இதற்கே. இங்கே காலை வாருவது ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு. பிரேசில் போர்ச்சுகீசியத்துக்கான 'பிடி-பிஆர்' குறியீட்டில் பின்பாதி பெரிய எழுத்து. விண்டோஸும் மேக்கும் வழக்கமாகப் பெரிய, சிறிய எழுத்துகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. லினக்ஸ் சர்வர் பார்க்கும். ஆங்குலர் என்ற வலைச்செயலிக் கட்டமைப்பில் மொழிக்கொரு தொகுப்பு எடுப்பவர்கள், முகவரிகள் தொடங்கும் அடிப்படைப் பாதையையும் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது, கோரிக்கை பக்கத்தை எட்டுமுன் ஓடும் மிடில்வேர் என்ற இடைநிரலை வைத்து ஒவ்வொரு கோரிக்கைக்கும் மொழியைத் தீர்மானிப்பது. நாள்தோறும் மாறும் பெரிய தளங்களுக்கு இது பொருந்தும், ஆனால் எப்போதும் ஓடும் சர்வர் தேவை. நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற கட்டமைப்பில் நிலைக்கோப்புகளாக ஏற்றுமதி செய்துவிட்டு மிடில்வேர் வேலை செய்யும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

முகவரியிலேயே தமிழ்ச் சொற்களை வைத்தால் மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், லினக்ஸ் சர்வருக்கோ வெவ்வேறு முகவரிகள். கோப்புப்பெயர், தரவுத்தளம், வரும் கோரிக்கை ஆகிய மூன்றையும் இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.