இன்சுலின் பம்ப் பேட்டரி: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தது

உடம்பில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க இன்சுலின் செலுத்தும் பம்பை வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், சர்க்கரை அளவு பார்க்கும் சென்சாரைப் பற்றிக் கேட்கிறார்கள், இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்குமா என்று கேட்கிறார்கள். பேட்டரியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. சில வருடங்களாக இடுப்பில் பம்ப் மாட்டியிருக்கும் டைப் 1 சர்க்கரை நோய் ஆசாமி நான். அதைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன்.

பம்புக்குள் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும். ஊசி போடுகிறவர்களுக்கு நாள் முழுக்க நிற்கும் இன்சுலின் உடம்பில் இருக்கும். நமக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. ராத்திரி பேட்டரி தீர்ந்து, அலாரமும் காதில் விழாமல் தூங்கிவிட்டால், சில மணி நேரத்திலேயே சர்க்கரை ஏறி, இன்சுலின் இல்லாதபோது உடம்பில் சேரும் ஆபத்தான அமிலமான கீட்டோன் தலைகாட்டிவிடும்.

என்னுடையதில் ஏஏ பேட்டரி, கடையில் பென்சில் பேட்டரி என்று கேட்டால் தருவார்களே, அந்த அளவு. அளவு பொருந்துகிறதே என்று சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான கார்பன் ரகத்தைப் போடக் கூடாது. மோட்டார் ஓடும்போது சட்டென்று இழுக்கும் மின்சாரத்துக்கு அது தாங்காது. ஆல்கலைன் போடலாம். ஆனால் சின்னக் கடைகளில் எப்போது வந்த சரக்கு என்றே தெரியாது. அப்படி வாங்கிய ஒன்று மாட்டிய வேகத்தில் எச்சரிக்கை கொடுத்தது. அதிலிருந்து லித்தியம்தான். விலை கூடுதல், எல்லா ஊரிலும் கிடைக்காது, ஆனால் வோல்டேஜ் கடைசிவரை இறங்காமல் நிற்கும். அதில் ஒரு வில்லங்கமும் உண்டு. நிரம்பியிருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்து திடீரென்று தீரும். அதனால் திரையில் தெரியும் கோடுகளை நான் நம்புவதில்லை. படுக்கப் போகும் நேரத்தில் எச்சரிக்கை வந்தால் காலைவரை தள்ளிப்போடுவதும் இல்லை.

பேட்டரியை பிரிட்ஜில் வைத்தால் ரொம்ப நாள் உழைக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். பம்புக்கு அது வேண்டாம். ஜில்லென்று எடுத்து மாட்டினால் சார்ஜ் குறைவாகக் காட்டும்.

மாற்றும்போது பழையதைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதைத் தேடப் போகாதீர்கள். என் பம்பில் 10 நிமிடம் தாண்டினால் தேதி, நேரம் எல்லாம் மறுபடி போட வேண்டும். அங்கே ஏஎம், பிஎம் மாறிப்போனால் விடியற்காலைக்கு வைத்திருக்கும் பேசல் (பம்ப் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தும் இன்சுலின்) அளவு சாயங்காலம் போகும். பேட்டரி விஷயத்தில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான்.

சார்ஜ் போடும் ரகப் பம்ப் நல்லதில்லையா என்றால், நல்லதுதான். குளிக்கப் போகும் நேரத்தில் சார்ஜ் போட்டுப் பழகிவிட்டால் செலவே இல்லை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போனும் பவர்பேங்கும் போனபிறகு என் டப்பாவில் இருந்த மாற்றுப் பேட்டரிகள்தான் நிம்மதி.

தவிர, பேட்டரி தீர்வதற்குக் காரணம் பேட்டரியாகவே இருக்க வேண்டியதில்லை. டான்டம் நிறுவனத்தின் டி:ஸ்லிம் எக்ஸ்2 என்ற சார்ஜ் போடும் பம்புக்கான ஐபோன் செயலியின் 2.7 பதிப்பு தானாக நின்று நின்று மறுபடி திறந்துகொண்டதில், ப்ளூடூத் ஓயாமல் பேசிப் பம்பின் சார்ஜை உறிஞ்சியது. 2024-ல் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதை மிகக் கடுமையான வகைத் திரும்பப்பெறலாக அறிவித்தது; 224 பாதிப்புகள் பதிவாகியிருந்தன, உயிரிழப்பு இல்லை. அதே வருடம் மெட்ரானிக் நிறுவனத்தின் 600, 700 வரிசைப் பம்புகளுக்கும் ஓர் அறிவிப்பு வந்தது: கீழே விழுந்தாலோ இடிபட்டாலோ உள்ளே மின்பாகங்கள் சேதமாகிப் பேட்டரி ஆயுள் குறையலாம். ஆக, வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர ஆரம்பித்தால் கடைக்காரரைத் திட்டுவதோடு நிறுத்தாமல் பம்ப் நிறுவனத்துக்கும் போன் போடுங்கள். செயலியைப் புதுப்பித்த அடுத்த ஓரிரு நாள் சார்ஜைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

என் பையில் எப்போதும் இருப்பவை: உறை பிரிக்காத லித்தியம் இரண்டு, மூடியைத் திறக்க ஒரு நாணயம், கூடுதலாக ஒரு பேட்டரி மூடி, கீட்டோன் சோதிக்கும் பட்டைகள், இன்சுலின் பேனா. பம்ப் நின்றால் நீண்டநேர இன்சுலின் எத்தனை யூனிட் போட வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டும் அதில் இருக்கிறது. உங்களிடம் அந்தச் சீட்டு இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்கிவிடுங்கள்.