500 வெள்ளிக்குள் முதல் கணினி: புது லேப்டாப்பா, ஆபீஸ் பழசா, டேப்லட்டா?

சிங்கப்பூரில் இன்று முதன்முதலாகச் சொந்தப் பணத்தில் கணினி வாங்க அலைகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான். பிள்ளைகளுக்குப் பள்ளியே வழி செய்துவிடுகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர் எல்லாருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற ஏற்பாடு 2021இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதிலேயே வீட்டு வேலையையும் பார்த்துக்கொள்ளலாமே என்று நினைத்தால் சரிப்படாது. எதைத் திறக்கலாம், எதை நிறுவலாம் என்று கட்டுப்படுத்தும் மென்பொருள் அதில் இருக்கும். தவிர, அம்மாவுக்குக் கணக்கு எழுத நேரம் கிடைக்கும் இரவு எட்டு மணிக்குத்தான் பிள்ளைக்கும் வீட்டுப்பாடம் இருக்கும்.

ஆக, வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் சுட்டு ஆர்டர் எடுக்கும் அக்கா, ஓய்வு பெற்றபின் மின்னஞ்சல் பழக நினைக்கும் மாமா, மாலை வகுப்பில் சேர்ந்திருக்கும் தம்பி. இவர்கள் கையில் 500 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் மூன்று பொருள் கண்ணில் படும். ஒன்று, பெட்டி பிரிக்காத மலிவான லேப்டாப். இரண்டு, ஏதோ ஒரு நிறுவனம் சில ஆண்டு பயன்படுத்திக் கழித்துவிட, கடைக்காரர் துடைத்துச் சரிபார்த்து வைத்திருக்கும் ஆபீஸ் லேப்டாப். மூன்று, டேப்லட்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டச்சு செய்து வேலை பார்க்கப் போகிறவருக்கு ஆபீஸ் பழசு. பார்க்க, படிக்க, பேச மட்டும் என்றால் டேப்லட். இந்த விலையில் புது லேப்டாப்பை நான் அனேகமாக யாருக்கும் சொல்வதில்லை. வேண்டாம் என்று சொன்னாலும் கேட்பவர்கள் குறைவு. எங்கள் புளோக்கில் முறுக்கு ஆர்டர் எடுக்கும் அக்காவிடம் சொன்னபோது உடனே மறுத்தார்.

"புதுசுன்னா வாரண்டி இருக்கும்ல தம்பி? பழசை யாரு நம்புறது?"

"வாரண்டி இருக்கும் அக்கா. ஆனா முதல் நாள்லேருந்தே மெதுவா ஓடுனா அதுக்கு வாரண்டி கிடையாது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் கணினியின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

வேகம் எங்கிருந்து வருகிறது

மூன்று பாகங்கள் போதும். கணக்குப் போடுவது பிராசசர். இந்த நிமிடம் திறந்திருக்கும் வேலைகளை ஏந்திக்கொள்வது ராம். அணைத்த பிறகும் கோப்புகளைக் காப்பது ஸ்டோரேஜ். வீவக அடுக்குமாடி வீட்டின் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள்: அடுப்பு பிராசசர், மேடை ராம், அலமாரி ஸ்டோரேஜ். நான்கு அடுப்பு இருந்தும் மேடை ஒரு முழம்தான் என்றால் மாவுச் சட்டியை இறக்கி எண்ணெய்ச் சட்டியை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ராம் போதாதபோது கணினியும் அதைத்தான் செய்கிறது. ராமில் இருப்பதை ஸ்டோரேஜில் தள்ளிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே நிற்பது பெரும்பாலும் அப்போதுதான்.

ஸ்டோரேஜிலும் வகை உண்டு. பழைய வன்தட்டு என்பது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும் தட்டு. அதன்மேல் ஒரு முள் நகர்ந்து தகவலைத் தேடிப் பிடிக்க ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். புதுவகை ஸ்டோரேஜான எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. அதே தேடலுக்கு அதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். ஒரு கோப்பைத் திறக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொடுகிறது. ஆன் செய்துவிட்டுத் தேநீர் ஆற்றப் போகலாம் என்று பழைய கணினியைக் கிண்டல் செய்வார்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் பிராசசர் இல்லை, இந்தத் தட்டுதான்.

பெட்டி பிரிக்காத புதுசு

மலிவுப் பெட்டியின் ஒட்டியைப் படித்துப் பாருங்கள். "4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி, விண்டோஸ் 11 எஸ் மோடு" என்ற மாதிரி இருக்கும். விண்டோஸ் 11 ஓட மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ்தான். அதாவது அந்தப் புதுக் கணினி பிறக்கும்போதே பாஸ் மார்க்கில் நிற்கிறது. விண்டோஸ் எழுந்து உட்கார்ந்ததுமே ராமில் பாதிக்கு மேல் போய்விடும். அப்புறம் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும்.

இஎம்எம்சி என்பதும் நகரும் பாகம் இல்லாத ஸ்டோரேஜ்தான், ஆனால் நல்ல எஸ்எஸ்டியின் வேகம் அதற்கு இல்லை. கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் கழற்றி மாற்றவும் முடியாது. அதோடு பெட்டியில் 64 என்று போட்டிருப்பது திரையில் 59 சொச்சமாகத் தெரியும். ஏமாற்று வேலை இல்லை; தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. அந்த 59இல் விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக மிச்சத்தில், பெரிய மேம்பாடு வரும்போதெல்லாம் இடம் போதவில்லை என்று கேட்டு நிற்கும்.

எஸ் மோடு என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கும் ஆப் மட்டுமே நிறுவலாம். அதிலிருந்து வெளியே வருவது இலவசம். வந்த பிறகு திரும்பப் போக முடியாது, போக வேண்டிய தேவையும் வராது.

ஒரு விலக்கு உண்டு. இன்டெல் என்100 பிராசசர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்ற சேர்க்கை சலுகை விலையில் 500 வெள்ளிக் கோட்டுக்குள் மாட்டினால் தாராளமாக எடுக்கலாம்.

ஆபீஸ் பழசு

நிறுவனங்கள் லேப்டாப்பைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுகின்றன. கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிடியூட், எலீட்புக் போன்றவை புதிதாக இருந்தபோது மலிவுச் சரக்கு இல்லை. கீல் உறுதி, விசைகள் ஆழமாக அமுங்கும், திறந்து பழுதுபார்க்கலாம். உதாரணத்துக்கு 2018இல் வந்த திங்க்பேட் டி480இல் ராம் செருக இரண்டு இடம் இருக்கிறது. இன்று 8 ஜிபியோடு வாங்கி, ஆறு மாதம் கழித்து இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம். அதில் கிடைக்கும் ஐ5-8250யு பிராசசரில் நான்கு கோர், அதாவது நான்கு அடுப்பு. ஒரே நேரத்தில் எட்டு வேலை இழுக்கும். மலிவுப் புதுசில் அடிக்கடி வந்த செலரான் என்4020 பிராசசரில் கோர் இரண்டுதான். எது புதியது என்பதற்கும் எது வேகமானது என்பதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் பழசு வாங்க நான்கு இடத்தில் கண் வேண்டும்.

முதலாவது, பிராசசரின் தலைமுறை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றுவிட்டது. இனி விண்டோஸ் 11தான். அது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் முறைப்படி ஏற்கும், ஏழாம் தலைமுறையில் ஒன்றிரண்டு தவிர. ஐ5க்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள்: 8250 என்றால் எட்டு, 1135 என்றால் பதினொன்று, 7200 என்றால் ஏழு, வேண்டாம். மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். டி480 சில ஏழாம் தலைமுறை பிராசசரோடும் விற்கப்பட்டது. ஐ5க்கு மேல்படி என்று "ஐ7 இருக்கு, ஐ7 இருக்கு" என விற்பனையாளர் அழுத்திச் சொன்னால் இன்னும் உற்றுப் பாருங்கள். ஆறாம் தலைமுறை ஐ7ஐவிட எட்டாம் தலைமுறை ஐ5 உங்களுக்கு உதவும்.

இரண்டாவது, உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்பது. கடையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசையையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் பிராசசரின் முழுப்பெயர், ராம் எத்தனை ஜிபி, செருகும் இடம் எத்தனையில் எத்தனை நிறைந்திருக்கிறது, ஸ்டோரேஜ் எஸ்எஸ்டியா வன்தட்டா எல்லாம் அங்கேயே எழுதியிருக்கும். கடைக்காரர் காகிதத்தில் எழுதி ஒட்டியதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பத்து விநாடி வேலை.

மூன்றாவது பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்க வசதி உண்டு. கேட்டால் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி எடுத்துக்கொடுப்பார்கள். அதில் இரண்டு எண்: செய்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் நிற்கும் அளவு. முன்னது 50,000, பின்னது 30,000 என்றால் நாற்பது விழுக்காடு போய்விட்டது. வீட்டு மேசையில் வயரைச் செருகியே பயன்படுத்துவீர்கள் என்றால் அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேட்க நல்ல சாக்கு. மாலை வகுப்புக்குத் தூக்கிப் போகும் தம்பிக்கு இது ஆகாது.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. சில லேப்டாப் இன்னும் பழைய நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். விண்டோஸை முதலிலிருந்து நிறுவி இணையத்தில் இணைத்ததும் அந்த நிறுவனத்தின் பெயர் போட்டு வேலையிட மின்னஞ்சல் கேட்கும். அப்படி வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடைக்காரர் முன்னிலையில் வைஃபை போட்டு, உங்கள் சொந்தக் கணக்கில் உள்ளே போன பிறகே பணத்தை எடுங்கள்.

டேப்லட்

மாமாவுக்கு இதுதான். ஆன் செய்தால் உடனே எழும்பும், விசிறிச் சத்தம் கிடையாது, சோபாவில் சாய்ந்து செய்தி படிக்கலாம், ஊரில் இருக்கும் தங்கையோடு முகம் பார்த்துப் பேசலாம், தேசிய நூலக வாரியத்தின் ஆப் போட்டு மின்னூல் இரவல் வாங்கலாம். கைத்தொலைபேசி பழகியவருக்குப் புதிதாகக் கற்க எதுவுமில்லை.

அக்காவுக்கு ஏன் ஆகாது என்றால், அவருடைய வேலை அட்டவணை. தீபாவளிக்கு முந்தைய வாரம் யாருக்கு எத்தனை பாக்கெட், யார் பேநவில் பணம் அனுப்பிவிட்டார், யாரிடம் பாக்கி என்று நூறு வரி ஓடும். அதை விரலால் தொட்டுத் தொட்டு நிரப்புவது தண்டனை. விசைப்பலகையைத் தனியாக வாங்கிச் சேர்த்தால் 500 வெள்ளிக் கோடு தாண்டிவிடக்கூடும். ஐபேடில் ஸ்டோரேஜையும் பின்னால் கூட்ட முடியாது.

தமிழில் தட்டச்சு வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மூன்றிலும் வரும். 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாட்டிலும் 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டிலும் பேசிப் பேசி வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. இன்று விண்டோஸ் 11, ஐபேட், மேக், குரோம்புக் எல்லாவற்றிலும் அது உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும், காசு கொடுக்க வேண்டியதில்லை.

மற்றவை, சுருக்கமாக

குரோம்புக்: விண்டோஸுக்குப் பதில் கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் லேப்டாப். 4 ஜிபியில் விண்டோஸைவிட இலகுவாக ஓடும். 2021 முதல் வெளிவந்த மாடல்களுக்குப் பத்து ஆண்டு மேம்பாடு உண்டு. பழசு என்றால் அது எந்த ஆண்டு முடிகிறது என்று செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கான மென்பொருள் எதையும் நிறுவ முடியாது என்பதை ஏற்றுக்கொண்டால் நல்ல பொருள்.

மேசைக்கணினி: ஒரு மூலையை நிரந்தரமாக ஒதுக்க முடிந்தால் பழைய ஆபீஸ் குட்டிக் கணினிகள் இன்னும் மலிவு. திரையும் விசைப்பலகையும் தனிச் செலவு.

ஆபீஸ் மென்பொருள்: "மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் போட்டுத் தருகிறோம், சும்மாவே" என்று யாராவது சொன்னால் அது திருட்டுப் பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம். லிப்ரே ஆபீஸ் இலவசம், சட்டப்படியானது, அக்காவின் அட்டவணைக்கு ஏராளம். கணவரும் கைத்தொலைபேசியில் அதே பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றால் இணையத்திலேயே அட்டவணை எழுதிப் பகிரும் கூகுள் ஷீட்ஸ்.

எங்கே வாங்குவது

வாரண்டி பற்றிய அக்காவின் பயத்துக்கு இங்கே சட்டமே பதில் வைத்திருக்கிறது. லெமன் சட்டம் என்று சொல்லப்படும் விதி 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றுதான் பொதுவாகக் கொள்ளப்படும்; இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. பழைய பொருள் என்பதால் இயல்பான தேய்மானம் இதில் சேராது. கேரொசெல் இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் இருபது, முப்பது வெள்ளி கூடினாலும் முதல் கணினிக்கு ரசீது தரும் கடைதான் சரி. தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் இருக்கிறது. ஒரே மாடியில் நாலு கடை ஏறி இறங்கினால் விலை புரிந்துவிடும். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அதற்கும் முன்னால் அரசாங்கத்தின் டிஜிட்டல் ஆக்சஸ் அட் ஹோம் திட்டத்தில் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். மானிய விலையில் லேப்டாப் அல்லது டேப்லட்டும் இணையச் சேவையும் அதில் கிடைக்கும்.

பணம் கட்டுமுன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பழைய லேப்டாப்போடு பெயர் தெரியாத சார்ஜரைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். சிங்கப்பூரில் விற்கும் அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை இருந்தாக வேண்டும். இல்லையென்றால் வேறு கேளுங்கள். டி480 போன்றவை யுஎஸ்பி-சி வழியாகவே சார்ஜ் ஆகும் என்பதால், முத்திரையுள்ள 65 வாட் சார்ஜர் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டாலும் 500 வெள்ளிக்குள் கணக்கு முடிந்துவிடும்.