அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் மேல டைல், மரத்தரை, வினைல் மூணும் ஒரே லெவல்ல: நாலு குளிர்காலம் கழிச்சு எழுதுறேன்

இங்கிலாந்துல ரெடிங் பக்கம் நாங்க வாங்கினது 1960கள்ல கட்டின வீடு. பின்பக்கம் கிச்சனை நீட்டிக் கட்டும்போது கீழ்த்தளம் முழுக்க பழைய தரையை உடைச்சு எடுத்துட்டு சுடுதண்ணி ஓடுற அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் போட்டோம். 2021 ஜூலைல ஸ்க்ரீட் (பைப்பை மூடி தரையை மட்டமாக்குற கலவை) ஊத்துனாங்க, அக்டோபர்ல தரை வேலை முடிஞ்சது. கிச்சன்ல போர்சலின் டைல், ஹால்லயும் ஆபீஸ் ரூம்லயும் ஓக் இன்ஜினியர்ட் வுட் (மேல அசல் ஓக், கீழ ப்ளைவுட் மாதிரி அடுக்கு ஒட்டின பலகை), வாஷிங் மெஷின் இருக்கிற யுட்டிலிட்டி ரூம்ல ஒட்டுற வினைல்.

இது எல்லாம் சேர்ற வாசல்ல உயரம் ஒண்ணா வரணும்னு நான் பிடிவாதமா இருந்ததுக்குக் காரணம் எங்கம்மா. முன்னாடி இருந்த வாடகை வீட்ல கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவுல சரிவா ஒரு அலுமினியப் பட்டி, 12 எம்எம் இருக்கும். ஊர்ல நிலைப்படின்னா கண்ணுல படும், கால் தானா தூக்கும். இது கண்ணுக்கே தெரியாது. அம்மாவுக்கு முட்டி வலி, காலைத் தேய்ச்சுத்தான் நடப்பாங்க, கையில ரசக் கிண்ணத்தோட வந்தவங்க கட்டைவிரலை அதுல இடிச்சு நகம் பெயர்ந்து ரெண்டு வாரம் செருப்பு போட முடியல. அன்னைக்கே முடிவு பண்ணேன், நம்ம வீட்ல இது இருக்கக் கூடாதுன்னு.

முதல்ல எல்லாரும் பண்ற தப்பை நானும் பண்ணேன். டப்பா மேல போட்டிருக்கிற தடிமனை மட்டும் பார்த்தேன். டைல் 10 எம்எம், மரம் 14 எம்எம், அப்போ மரம் 4 எம்எம் தூக்கி நிக்கும், டைல் பக்கம் கொஞ்சம் ஏத்தினா சரின்னு நினைச்சேன். நடந்தது நேர் எதிர். ஸ்க்ரீட் சூட்டுல விரிஞ்சு சுருங்கும்போது டைல் வெடிக்காம இருக்க நடுவுல ஒரு டீகப்ளிங் மேட் போடுறாங்க, அது 3 எம்எம், அதுக்குக் கீழ பசை ஒரு 2, மேல பசை ஒரு 3, அப்புறம் டைல் 10, ஆக மொத்தம் 18. மரம் 14, அதுக்குப் பசை 1 இல்ல ஒன்றரை, அவ்வளவுதான். அதாவது டைல்தான் கிட்டத்தட்ட 3 எம்எம் தூக்கி நிக்குது. வினைல் பசையோட சேர்த்தே 3 எம்எம்தான், அங்க 15 எம்எம் பள்ளம். இதெல்லாம் நான் பேப்பர்ல போட்டுப் பார்த்தப்போ ஸ்க்ரீட் ஏற்கனவே எல்லா ரூம்லயும் ஒரே மட்டமா ஊத்தி முடிச்சாச்சு.

ஸ்க்ரீட் ஊத்துற அன்னைக்கே யுட்டிலிட்டி ரூம் வாசல்ல ஒரு கட்டையை அடைச்சு அந்தப் பக்கம் மட்டும் 15 எம்எம் கூட ஊத்தச் சொல்லியிருந்தா தனியா ஒரு வேலையே இல்ல. பின்னாடி லெவலிங் காம்பவுண்ட், அதாவது தரையை ஏத்தி மட்டமாக்க ஊத்துற கலவை, வாங்கி ஊத்துனதுல காசும் போச்சு, நாலு நாளும் போச்சு.

ஹால்ல 3 எம்எம் ஏத்தினதும் அதே லெவலிங் காம்பவுண்ட்லதான். எங்களுது அன்ஹைட்ரைட், அதாவது ஜிப்சம் ஸ்க்ரீட், 50 எம்எம். காய்ஞ்சதும் மேல பால் ஏடு மாதிரி ஒரு படலம் நிக்கும், நகத்தால கீறினா மாவா உதிரும். அதை மெஷின் போட்டுத் தேய்ச்சு எடுத்து, தூசி உறிஞ்சி, ப்ரைமர் அடிச்சாத்தான் மேல எதுவும் பிடிக்கும். ப்ரைமர் இல்லாம சிமெண்ட் பசையை நேரா ஜிப்சம் மேல போட்டா ரெண்டும் ரியாக்ட் ஆகி உப்பிக்கிட்டு கொஞ்ச நாள்ல டைல் அப்படியே கழண்டு வரும். காயறதுக்கும் பொறுமை வேணும், முதல் 40 எம்எம்க்கு நாளைக்கு 1 எம்எம், அதுக்கு மேல பாதி வேகம்தான், அப்போ 50 எம்எம்க்கு ரெண்டு மாசம். ஈரப்பத மீட்டர் 75 சதவீதத்துக்குக் கீழ காட்டுற வரைக்கும் மரத்தை வீட்டுக்குள்ளயே கொண்டு வர விடல நான்.

இப்போ ஆபீஸ் ரூம் கதை. நேரம் ஆகுதுன்னு வேலை செஞ்சவர் சொன்ன யோசனை, இந்த ரூம்ல மட்டும் லெவலிங் வேணாம், மரத்தை ஒட்டாம 5 எம்எம் நுரை ஷீட் விரிச்சு அது மேல மிதக்க விட்டுடலாம், உயரமும் சரியா வந்துரும்னு. உயரம் நிஜமாவே சரியா வந்துச்சு. சூடுதான் வரல.

இங்க குளிருக்குப் போர்த்திக்கிற டூவே மேல டாக்னு ஒரு நம்பர் இருக்குமே, தரைக்கும் அதே கணக்குதான், சூட்டை எவ்வளவு தடுக்குதுங்கிறது. ஹீட்டிங் மேல போடுறது மொத்தமா 1.5 டாக் தாண்டக் கூடாதுன்னு சொல்றாங்க. 14 எம்எம் இன்ஜினியர்ட் ஓக் சுமாரா 1 டாக். சாதாரண நுரை 5 எம்எம் போட்டா அதுவே 1.25 வருது, பலகையைவிட நுரைதான் அதிகமா தடுக்குது. டைலுக்கு இது 0.1 பக்கம்தான். லெவலிங் காம்பவுண்டும் ஸ்க்ரீட் மாதிரியே சூட்டைக் கடத்திடும். அதனால உயரம் பத்தலைன்னா கல்லு, மண்ணு, சிமெண்ட் வகையால ஏத்துங்க, நுரை, ப்ளைவுட், தடிமனான அண்டர்லே (பலகைக்கு அடியில விரிக்கிறது) இதால ஏத்தாதீங்க.

போன ஜனவரில ஒரு காலைல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தேன், பைப்ல தண்ணி 38 டிகிரி, கிச்சன் டைல் மேல 26, ஒட்டின ஹால் மரம் 24.5, ஆபீஸ் ரூம் 22. ஒரே வீடு, ஒரே பாய்லர். வீட்ல இருந்து வேலை பார்க்கிற நாள்ல அந்த ரூம்ல மட்டும் சாக்ஸ் போட்டு உக்காந்திருக்கேன். தண்ணி சூட்டை ஏத்திடலாமேன்னா ஹால் மரம் 27 டிகிரியைத் தாண்டக் கூடாது, அதுக்குன்னு தரைக்குள்ள சென்சார் வச்சிருக்கோம், ஒரு ரூமுக்காக எல்லாத்தையும் ஏத்த முடியாது.

டைலும் மரமும் சேர்ற இடத்தைப் பத்தியும் சொல்லணும். உயரம் ஒண்ணா இருந்தாலும் ரெண்டையும் நெருக்கி ஒட்டிடக் கூடாது, மரம் சீசனுக்கு சீசன் அகலத்துல விரியும் சுருங்கும். நாங்க டைல் ஓரத்துல பித்தளை ப்ரொஃபைல், அதாவது மெல்லிசா ஒரு பட்டி, நிறுத்தி, மரத்துக்கும் அதுக்கும் நடுவுல 5 எம்எம் விட்டு மரக்கலர்ல சீலன்ட் நிரப்பினோம். ஜனவரி பிப்ரவரில வீட்டுக்குள்ள காத்து வறண்டு போகும்போது பலகைகளுக்கு நடுவுல மயிரிழை இடைவெளி தெரியும், ஜூன்ல தானா மூடிக்கும், அதுக்குப் பயப்பட வேணாம். சீலன்ட் மட்டும் மூணாவது குளிர்காலத்துல ஒரு பக்கம் விட்டுப் போச்சு, கத்தியால சுரண்டிட்டு புதுசு போட்டேன், அரை மணி நேர வேலை. அக்டோபர்ல ஹீட்டிங் போடும்போது ஒரேடியா ஏத்தாம நாளைக்கு ரெண்டு டிகிரியாத்தான் ஏத்துறேன்.

வினைல் ரூம் ஒரு தொல்லையும் இல்ல, ஈரத்துணியால துடைச்சா போதும்.

அம்மா போன டிசம்பர்ல வந்திருந்தாங்க, மூணு மாசம் இருந்தாங்க. வெறுங்கால்லதான் நடமாடினாங்க. கிச்சன்ல இருந்து ஹாலுக்கு டம்ளர் காபியோட வர்றப்போ அந்தப் பித்தளைக் கோட்டை அவங்க கவனிக்கவே இல்ல, அதைப் பார்த்துட்டே இருந்தேன். "இங்க மட்டும் ஏம்ப்பா சில்லுனு இருக்கு"ன்னு கேட்டது ஆபீஸ் ரூம் வாசல்லதான்.

இந்த ஏப்ரல்ல ஹீட்டிங் நிறுத்தினதும் அந்த ரூம் பலகையை எடுக்கப் போறேன். மிதக்கிற தரைங்கிறதால பலகை உடையாம கழண்டு வரும். நுரையை எடுத்துட்டு 3 எம்எம் லெவலிங் காம்பவுண்ட், மேல பசை, அதே பலகை. ப்ரைமர் வாங்கி வச்சாச்சு.