தீபாவளிப் பரிசு: நெய் பிஸ்கட்டா, அன்னாசி டார்ட்டா, வண்ண அகல் விளக்கா?

சிங்கப்பூரில் தீபாவளிப் பரிசுப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. ஒரே தளத்தில் வசிக்கும் அண்டை வீட்டார், அலுவலக நண்பர்கள், பிள்ளையின் துணைப்பாட ஆசிரியர், பெரியம்மா சித்தி வீடுகள் என்று எண்ணிக்கொண்டு போனால் பத்துப் பதினைந்து வீடுகள் எளிதாகச் சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் கடையில் வாங்கிக் கொடுப்பதென்றால், 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்து, ஒரு குடும்பத்தின் மாத மளிகைச் செலவை அது விழுங்கிவிடும். ஆகவே கையால் செய்து கொடுப்பது என்று நான் முடிவெடுத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் பட்டர் கேக், அன்னாசி டார்ட், நெய் பிஸ்கட், வண்ணம் தீட்டிய அகல் விளக்கு ஆகிய நான்கையும் செய்து கொடுத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது என் தேர்வு நெய் பிஸ்கட். எந்தக் காரணத்தால் அது மற்றவற்றை முந்தியது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பட்டர் கேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவையில் அதற்குக் குறையில்லை. ஆனால் நம் ஊர் வெப்பத்தில் வெளியில் வைத்தால் மூன்று நான்கு நாளுக்கு மேல் அதை நம்ப முடியாது, பண்டிகை வாரத்தில் யார் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலும் கேக்குக்கு இடம் இருப்பதுமில்லை. செலவிலும் மற்ற மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு கிடையாது. மூலப்பொருள், போத்தல் எல்லாம் சேர்த்து ஒரு பரிசு ஐந்து சிங்கப்பூர் வெள்ளிக்குள் அடங்கிவிடும். எனவே விலையை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயலாது.

தேர்வைத் தீர்மானிப்பது காற்றிலுள்ள ஈரப்பதம். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். தீபாவளியோ அக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில், அதாவது ஆண்டின் மழை மிகுந்த மாதங்கள் தொடங்கும் வேளையில் வருகிறது. இதோடு பரிசு பெறுபவரின் வீட்டு நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் எந்த வீட்டு வரவேற்பறை மேசையிலும் சிவப்பு மூடி போட்ட பலகாரப் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன; நாம் கொடுத்தது அன்றே திறக்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து அவர்கள் மூடியைத் திறக்கும்போதும் அது நாம் அடைத்துக் கொடுத்தபடியே மொறுமொறுப்பாக இருந்தால்தான் நம் உழைப்பு அவர்களைச் சேர்ந்ததாகப் பொருள்.

இந்த இடத்தில்தான் நெய் பிஸ்கட் தனித்து நிற்கிறது. வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு கொழுப்பும் 16 விழுக்காடு அளவுக்குத் தண்ணீரும் இருக்கின்றன. உருக்கிக் காய்ச்சிய நெய்யிலோ தண்ணீர் அநேகமாக இல்லவே இல்லை. நெய் பிஸ்கட் மாவில் முட்டையும் சேராது, பாலும் சேராது, ஒரு சொட்டுத் தண்ணீரும் சேராது. தண்ணீர் இல்லாததால் மாவில் பசைத்தன்மை உருவாவதில்லை. வாயில் போட்டதும் பொலபொலவென்று கரைவதற்கு இதுவே காரணம். பூஞ்சை பிடிப்பதற்கு வேண்டிய ஈரமும் அதில் இருப்பதில்லை. அன்னாசி டார்ட்டின் அமைப்பு இதற்கு நேர் எதிரானது. அதன் நடுவில் இருக்கும் பழ ஜாம் தன் ஈரத்தை அடியிலுள்ள வெண்ணெய் மாவுக்கு நாளடைவில் கொடுத்துக்கொண்டே இருப்பதால், மேலே பார்ப்பதற்குப் பொன்னிறமாகவே இருந்தாலும் அடிப்பாகம் சில நாளில் நமத்துப் போகிறது.

நெய் பிஸ்கட்டுக்கு நான் பயன்படுத்தும் அளவு மைதா மாவு 300 கிராம், நெய் 180 கிராம், பொடித்த சீனி 120 கிராம். மாவை வெறும் வாணலியில் குறைந்த தீயில் நிறம் மாறாமல் வறுத்து, முற்றிலும் ஆறவிட்டுச் சலித்துக்கொள்கிறேன். இந்தக் காற்றில் திறந்து வைத்த மாவுப் பையிலும் ஈரம் ஏறியிருக்கும் என்பதால் வறுப்பதை நான் தவிர்ப்பதில்லை. ஐசிங் சீனி தனியாக வாங்காமல் சாதாரணச் சீனியையே மிக்ஸியில் பொடிக்கலாம். கடையில் விற்கும் ஐசிங் சீனியில் கட்டி பிடிக்காமலிருக்கச் சோள மாவு கலந்திருப்பார்கள். வீட்டில் பொடித்து உடனே பயன்படுத்தும்போது அது தேவையில்லை, பொடித்ததை எடுத்து வைப்பதென்றால் மட்டும் நாமும் சிறிது சேர்த்துக்கொள்ளலாம். நெய் கட்டியாகவும் இல்லாமல் தெளிந்த எண்ணெயாகவும் இல்லாமல் மணல் பதத்தில் இருப்பது நல்லது. தண்ணீராக உருகியிருந்தால் பிஸ்கட் ‘அவன்’ (oven) அடுப்பில் பரந்துவிடும். அப்போது கலந்த மாவைக் கால் மணி நேரம் குளிரில் வைத்துவிட்டு உருட்டினால் சரியாகிவிடும்.

அவன் அடுப்பின் சூடு 150 பாகை செல்சியஸ் இருந்தால் போதும். ரொட்டி வாட்டும் சிறிய அவனில்கூட இது நன்றாகவே வருகிறது, ஆனால் அதில் மேல் கம்பி அருகிலிருப்பதால் பத்து நிமிடம் கழித்து மேலே ஓர் அலுமினியத் தாளை மூட வேண்டும். பதம் பார்க்கும் இடம் பிஸ்கட்டின் அடிப்புறம். மேற்பகுதி வெளுப்பாகவும் மெல்லிய கீறல்களோடும் இருக்க, கத்தி முனையால் ஒன்றை நெம்பித் திருப்பினால் அடி வெளிர் பொன்னிறமாகத் தெரிய வேண்டும். சூட்டோடு விரலால் தொட்டால் அது மணல்போல் சரிந்துவிடும், ஆகவே தட்டிலேயே ஆறட்டும். கொஞ்சம் வெதுவெதுப்பு இருக்கும்போதே போத்தலில் அடைத்தால் உள்ளே நீராவி வியர்த்து, இதுவரை ஈரத்தைத் தள்ளி வைக்கப் பட்ட பாடு வீணாகிவிடும். அடைத்த பிறகு மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டுவது என் அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உள்ள வழக்கம். பெரும்பாலான பிளாஸ்டிக் போத்தல் மூடிகளில் திருகு மரை வழியாகக் காற்று நுழைகிறது. அந்த வழியை அடைக்க இதைவிட மலிவான முறை எனக்குத் தெரியாது.

நெய் பிஸ்கட்டுக்குக் குறை இல்லாமல் இல்லை. எளிதில் உடைகிறது. பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் தூக்கிக்கொண்டு போகும்போது போத்தலில் இடைவெளி இருந்தால், போய்ச் சேரும் வீட்டில் பாதி தூளாகத்தான் இறங்கும். கோலிக்குண்டு அளவுக்கு மேல் உருட்டாமல், அடுக்குக்கு அடுக்கு, அவன் தட்டில் விரிக்கும் தாளை வட்டமாக வெட்டிப் போட்டு, மூடியைத் தொடும்வரை நிரப்புவதே இதற்கு வழி. தோற்றத்திலும் அது மிக எளிமையானது. மேலே அரை முந்திரிப் பருப்பைப் பதித்தாலும், வெளுத்த உருண்டைகளாகத்தான் தெரியும்.

தோற்றத்தில் அன்னாசி டார்ட்டுக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பூவிதழ்போல் வெட்டிய மாவின் நடுவில் ஜாம் பளபளப்பதைப் பார்த்தவுடன் எடுக்கத் தோன்றும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி என்று எல்லாப் பண்டிகைக்கும் இங்கே அது பொருந்துகிறது. ஆனால் பழத்தைத் துருவி, சாற்றைப் பிழிந்து, சீனியோடு பட்டையும் கிராம்பும் போட்டுச் சுண்டக் காய்ச்சுவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. ஃபூன் ஹுவாட் போன்ற பேக்கரிப் பொருள் கடைகளில் தயாரான ஜாம் கிடைக்கிறது. நான் பெரும்பாலும் அதை வைத்தே செய்திருக்கிறேன். வீட்டிலேயே நன்கு இறுகக் காய்ச்சிய ஜாமாக இருந்தால் மாவு இன்னும் சில நாள் தாங்கக்கூடும். அதில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் டார்ட்டின் ஆயுளைப் பற்றிய என் கருத்தை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பாகை வெப்பமுள்ள சமையலறையில் வெண்ணெய் மாவு விரலில் ஒட்டுவது மட்டும் எந்த ஜாமை வைத்தாலும் மாறாது.

அகல் விளக்கு ஈரத்துக்கு அஞ்சாது. லிட்டில் இந்தியாவில், குறிப்பாகக் கேம்பல் லேன் பக்கத்துத் தீபாவளிக் கடைகளில், வண்ணம் பூசாத மண் அகல்களை வாங்கி, நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, நன்கு உலர்த்தி, அக்ரிலிக் வண்ணம் தீட்டலாம். பிள்ளைகளும் உடன் உட்காருவார்கள் என்பது இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. திரி வைக்கும் மூக்கிலும் உட்புறத்திலும் வண்ணம் படக் கூடாது. மண் அகல் எண்ணெயைக் கசிய விடும் என்பதால், சிறிய தகரக் கிண்ணத்தில் வரும் மெழுகுவர்த்தி ஒன்றையும் உள்ளே வைத்துக் கொடுப்பது நல்லது. ஆனாலும் ஓர் ஆண்டு கொடுத்தவருக்கு மறு ஆண்டும் விளக்கையே கொடுக்க மனம் வருவதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் எத்தனை விளக்குகளைத்தான் எடுத்து வைப்பார்கள்?

விளக்கு நெய் பிஸ்கட்டை முந்தும் ஓர் இடமும் உண்டு. நோன்புப் பெருநாள் காலத்தில் மலாய் வீடுகளிலும் இதைப் போன்ற சுஜி பிஸ்கட் செய்வார்கள் என்பதால், முஸ்லிம் நண்பர்களுக்கு அந்தச் சுவை புதியதன்று. ஆனால் ஹலால் அல்லாத இறைச்சி சமைக்கும் அடுக்களையில் செய்ததை ஏற்பதா மறுப்பதா என்ற தர்மசங்கடத்தில் அவர்களை நிறுத்துவது முறையாகாது. முன்கூட்டியே கேட்டுவிடுவேன், கேட்க முடியாத அளவுக்குப் புதிய பழக்கமாக இருந்தால் விளக்கைக் கொடுப்பேன். மறுபக்கம், முட்டை கூடச் சேர்க்காத சைவ வீடுகளுக்குக் கேக்கைவிட நெய் பிஸ்கட்டே தயக்கமின்றிக் கொடுக்கக்கூடியது.

விளக்குகளை ஒரு மாதம் முன்பே தீட்டி வைத்துவிடலாம். பிஸ்கட்டைத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னதாகச் சுடுவதே வசதி. மழை விட்ட பிற்பகலாகப் பார்த்து அடைக்க முடிந்தால் இன்னும் நல்லது. போத்தலின் அடியில் செய்த தேதியையும், கோதுமை, பால் பொருள், முந்திரி ஆகியவை சேர்ந்திருப்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது கொடுப்பவருக்குத் தெரிந்திருக்காது.