சீசன் ஓய்ந்த பிறகு குமரியில் நடக்க எந்த மலை?

கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை கன்னியாகுமரி ஐயப்ப பக்தர்களின் ஊர். படகுத்துறை வரிசை காலையிலேயே தெருவுக்கு வந்துவிடும். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறந்தபிறகு வருகிறவர்கள் இன்னும் கூடியிருக்கிறார்கள். பொங்கல் லீவு முடிந்ததும் ஊர் மூச்சு விடும். அப்புறம் ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டம். இந்த இரண்டையும் கழித்தால் மிஞ்சுகிற மாதங்கள்தான் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு. அந்த மாதங்களில் மருந்துவாழ்மலைக்குப் போவதா, சிதறாலுக்கா, காளிகேசத்துக்கா, இல்லை முட்டம் கடலோரமா என்று யாராவது கேட்டால், எந்த மாதம் வருகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

ஏனென்றால் சீசன் இல்லாத காலம் என்பது இங்கே இரண்டு வேறு காலங்கள். தை கடைசி, மாசி, பங்குனி: வானம் தெளிவு, வெயில் ஏறிக்கொண்டே போகும், மழை அபூர்வம். ஆனி, ஆடி, ஆவணி: காற்றும் மழையும். அந்த இரண்டாவது காலத்திலும் மாவட்டம் முழுக்க ஒரே வானிலை கிடையாது. தென்மேற்குப் பருவமழை கல்குளம், விளவங்கோடு பக்கம் கொட்டித் தீர்க்கும். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைந்து காற்று பலமாகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு வாசல் மாதிரி திறந்திருப்பதால், கடலிலிருந்து வரும் காற்று அந்த வழியாகப் பிய்த்துக்கொண்டு போகும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஜூலையில் ஒரே நாள் காலையில் குலசேகரத்தில் குடை இல்லாமல் வெளியே இறங்க முடியாது. பொற்றையடியில் தரை காய்ந்து கிடக்கும், வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மலையைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தை, மாசி என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், மருந்துவாழ்மலைதான். நாகர்கோவில் – கன்னியாகுமரி சாலையில் பொற்றையடியில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் அடிவாரம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது உடைந்து விழுந்த துண்டு இது என்பது ஊர்க்கதை. மூலிகை தேடி வைத்தியர்கள் ஏறிய மலை. 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் பிரதிஷ்டை செய்வதற்கு முன்னால் நாராயண குரு இங்குள்ள பிள்ளைத்தடம் குகையில் தவம் இருந்தார். அய்யா வைகுண்டரின் சாமிதோப்பு பக்கத்திலேயே இருப்பதால் அய்யாவழி மக்களுக்கும் இது முக்கியமான மலை. ஆனால் பக்தி இல்லாதவருக்கும் இந்த மலை ஒன்றைத் தருகிறது. மாவட்டத்தில் வேறு எங்கும் அது இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடியும் முனையில் நிற்கிறோம், எதிரே கடல்.

ஏற்றம் முதலில் படிகள், நடுவில் மண் பாதை, மேலே போகப் போகப் பாறை. நிதானமாக ஏறும் சராசரி ஆளுக்கு உச்சிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். கீழ்ப்பாதியில் மரநிழல் உண்டு. மேல்பாதியில் கிடையாது, கள்ளியும் காய்ந்த புல்லும்தான். கடைசிப் பகுதியில் கையை ஊன்றி ஏற வேண்டிய இடங்கள் வரும். அங்கே பாறையைத் தொட்டுப் பார்த்தாலே நேரம் தெரிந்துவிடும்: ஏழு மணிக்குக் குளிர்ந்திருக்கும், ஒன்பது மணிக்குக் கை வைத்து நிற்க மனசு வராது. அதனால் மாசியில் விடியும்போதே ஏறத் தொடங்கி, ஒன்பதுக்குள் இறங்கிவிடுவதுதான் முறை. உச்சியில் ஆஞ்சநேயர் சன்னதிப் பக்கம் நின்றால் தெற்கே கடல், அதன் ஓரத்தில் 133 அடி வள்ளுவர் விரல்கடை உயரத்துக்குத் தெரிவார். வடக்கே காற்றாலைகள். நடுவில் தென்னை, பனை, வயல், குளம், மறுபடி குளம். குமரி மாவட்டம் குளங்களால் ஆன ஊர் என்பதை வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதும், மேலே நின்று காலை வெயில் ஒவ்வொரு குளத்திலும் பட்டுத் தெறிப்பதைப் பார்ப்பதும் வேறு வேறு.

குரங்குகள் உண்டு, அவற்றுக்குப் பை என்றால் சாப்பாடு. கையில் கவரோ பாட்டிலோ தெரியும்படி போகாதீர்கள், முதுகுப்பைக்குள் வையுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் கட்டாயம். மேலே நம்பிப் போகும்படி எதுவும் இல்லை. இறங்கி வந்தால் பங்குனி பக்கத்தில் சாலையோரம் அக்கானியும் (பதநீர்) நுங்கும் கிடைக்கும். இந்தக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான காலை உணவு எனக்குத் தெரியாது.

இதே மலை ஆனி, ஆடியில் வேறு மலை. மழை குறைவுதானே என்று ஏறிவிடலாம், ஆனால் மேல் பாறைகளில் காற்று ஆளைத் தள்ளும். நேரான காற்று என்றால் சாய்ந்து சமாளிக்கலாம். இது நின்று நின்று அடிக்கும், கால் எடுத்து வைக்கும் நேரம் பார்த்து வரும். கூடவே ஒரு தூறல் விழுந்தால் பாறை வழுக்கும். அந்த மாதங்களில் குகை வரைக்கும் போய்த் திரும்பிவிடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்களிடம் இதை அழுத்தியே சொல்கிறேன்.

ஆடிக்கு உரியது சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். திருச்சாரணத்து மலை என்று பழைய பெயர். சமணத் துறவிகள் தங்கிய இடம். தீர்த்தங்கரர்களும் பத்மாவதி அம்மனும் பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பின்னால் பகவதி கோயிலாக ஆனது. இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் பாதை கல் பாவிச் சீராக இருக்கிறது, மாலையில் கதவை அடைத்துவிடுவார்கள்.

மலையேற்றம் என்று பார்த்தால் மருந்துவாழ்மலைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. சரிவான நடை, அரை மணி நேரம்கூட ஆகாது. முட்டி வலியுள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு நின்று நின்று போகலாம். ஆனால் மழைக்காலத்தில் இந்தக் குறையே நிறையாகிறது. பாதையில் பாசி பிடித்திருந்தாலும் கல்லின் விளிம்பில் கால் வைத்து நடந்தால் பயமில்லை. மழை பிடித்துக்கொண்டால் மேலே ஒரு பெரும்பாறை கூரையாக நீண்டு நிற்கிறது, அதன் அடியில்தான் சிற்பங்கள். ஒதுங்கி நின்றுகொண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வெயில் காலத்தில் வருகிறவர்கள் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மழை நம்மை அங்கே உட்கார வைக்கிறது. நனைந்த பாறையில் செதுக்கு கோடுகள் கறுத்துத் துலங்கும். முக்குடையின் (மூன்றடுக்குக் குடை) கீழ் நிற்கும் உருவத்தின் தோளும், பக்கத்தில் சிறிதாக நிற்கும் பணியாளரின் கையும் அப்போதுதான் தனித்தனியாகப் பிடிபடும். மழை விட்டதும் வெளியே வந்தால் கீழே ரப்பரும் தென்னையும் கழுவிவிட்ட பச்சையில் இருக்கும், அதற்கு நடுவே குழித்துறைத் தாமிரபரணி கலங்கி ஓடும்.

நடை போதவில்லை என்றால் அன்றைக்கே மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம், 1960-களில் கட்டியது. ஓரத்தில் நடந்து மறுகரை போய், படி இறங்கி ஆற்றங்கரைக்கு வந்து, மறுபடி மேலே ஏறினால் கால் நன்றாகவே உழைத்திருக்கும்.

காளிகேசம் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. நான்கு இடங்களில் அழகானது அதுதான். கீரிப்பாறை தாண்டி, அரசு ரப்பர் தோட்டங்களுக்குள் போய், காட்டாறும் காளி கோயிலும் இருக்கும் இடம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அந்த ஆற்றின் சத்தம் தூரத்திலேயே கேட்கும். ஆனால் இது ஊருக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பாறைக்குன்று இல்லை. குமரி மாவட்டத்தில் தேசியப் பூங்கா கிடையாது. இருப்பது சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம், அதையொட்டிக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். யானையும் புலியும் உள்ள காடு. 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து விட்டது இந்த மலைத்தொடரின் மேலே, மேல்கோதையாறு பக்கம்தான். காணிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையும் இதுவே.

அதனால் செக்போஸ்டில் அனுமதி உண்டா என்று கேட்டுத்தான் போக வேண்டும். பிரச்சினை என்னவென்றால், சீசன் இல்லாத இரண்டு காலத்திலும் அது மூடிக் கிடக்க வாய்ப்பு அதிகம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தபிறகு, கோடையில் காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை கட்டுப்பாடு விதிக்கிறது. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளுக்கு ஆன்லைன் முன்பதிவு தொடங்கியது. அடுத்த ஆண்டே தீ அபாயம் கருதிப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அவற்றை மூடினார்கள். மழைக்காலத்தில் காட்டாற்று வெள்ளத்துக்காக காளிகேசம் மூடப்படும். இரண்டு மூடலும் நியாயமானவை. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்து, ஆறு சில நிமிடங்களில் ஏறிவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் அடித்து வந்தால் துணி, செருப்பு என்று பார்க்காமல் கரையேறிவிட வேண்டும்.

ஆவணி, புரட்டாசியில் மழை ஓய்ந்து அனுமதி திறந்திருந்தால் மட்டும் காளிகேசம். அட்டைப்பூச்சிக்காக முழங்கால் வரை சாக்ஸும் ஒரு பொட்டலம் உப்பும் போதும். பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள். "எனக்கு வழி தெரியும் சார், வனத்துறை கண்ணில் படாமல் கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆபத்து உங்களுக்கு மட்டும் இல்லை. நீங்கள் அணைக்காமல் விட்ட ஒரு தீக்குச்சி அந்தக் காட்டுக்குப் பல வருஷ நஷ்டம். உலக்கை அருவிக்கும் இதே கணக்குதான். வேளிமலையில் குமாரகோவில் படியேறி முருகனைக் கும்பிட்டு வருவது இனிமையானது, ஆனால் அதை நடையின் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

கடைசியில் முட்டம். உயரம் குறைவு, ஆனால் பாறையும் செம்மண் மேடும் நேராகக் கடலில் இறங்குகிற இடம். கலங்கரை விளக்கத்தின் பக்கமிருந்து மேற்கே கடியப்பட்டணம், வள்ளியாறு கடலில் சேரும் இடம் வரை நடக்கலாம். மாசியில் இன்னும் மேற்கே மண்டைக்காடு வரை நீட்டிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பகவதி கோயிலில் மாசிக்கொடை நடக்கும் பத்து நாளும் அங்கே உச்ச சீசன், இரு மாநிலத்துப் பெண்களும் திரண்டு வருவார்கள்.

ஆனி, ஆடியில் முட்டத்துக் கடல் பார்க்க வேண்டிய ஒன்று. அலை பாறையில் மோதி எழும்பும் உப்புச் சாரல் மேட்டின் மேலே நிற்கிறவர் கண்ணாடியில் படியும். ஆனால் மேட்டின் மேலேயே நில்லுங்கள். கீழ்ப் பாறைக்கு இறங்கி செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. காற்றே இல்லாத, அமைதியாகத் தெரியும் நாளிலும் கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்லும் அலை தொலைதூரப் புயலிலிருந்து வந்து சேரும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அப்படித்தான் கடல் கொண்டுபோனது. முந்தைய நாளே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. கிளம்பும் முன் அன்றைய கடல் எச்சரிக்கையைப் பார்ப்பது, பஸ் நேரம் பார்ப்பதைவிட முக்கியம்.

சாப்பாட்டு விஷயமும் மேற்கு, கிழக்கு பார்த்து மாறும். இந்த மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. கிழக்குக் கரையில் சேரும் சின்னமுட்டத்து விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் நிற்கும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ள மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, ஜூலையில் சிதறால், முட்டம் என்று சுற்றுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைப்பது வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போனவர்கள் கொண்டுவருவதுதான். அளவு கொஞ்சம், விலை கூடுதல், ஆனால் அன்றைக்குப் பிடித்த மீன். சாளையோ நெத்திலியோ எது வந்திருக்கிறது என்று கேட்டு, அவித்த மரச்சீனியோடு (மரவள்ளிக் கிழங்கு) அதையே சாப்பிடுங்கள். பெரிய மீன்தான் வேண்டும் என்றால் அந்த மாதம் சின்னமுட்டம் பக்கம் போவது நல்லது.