ரேஞ்சரா ஒலிம்பிக் டேமா, யுரேனியம் சுரங்கம் பத்தின மக்கள் பயத்துக்கு எங்க ஒழுங்கா பதில் கிடைச்சது?

ரெண்டுமே ஆஸ்திரேலியா யுரேனியம் சுரங்கம் தான், ரேஞ்சர்ல மட்டும் 2021ல உற்பத்திய நிறுத்திட்டாங்க. ஒலிம்பிக் டேம்ல தாமிரம், தங்கமும் வருது. அங்க பெரிய திறந்தவெளி குழி வெட்ட 2011 அக்டோபர்ல அப்ரூவல் குடுத்தாங்க, கூடவே நூத்துக்கு மேல கண்டிஷன். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கழிவு மண்ணு தரைக்கு மேலயே குவிஞ்சு கிடக்கும், அதுபோக பாயின்ட் லோலிங்கிற கடற்கரைல கடல்தண்ணிய குடிதண்ணியாக்குற பிளான்ட் போட்டா அந்த உப்புக்கழிவு ராட்சத கணவாய் மீன் முட்டை போடுற இடத்த கெடுத்துரும்னு ஜனங்க கத்துனாங்க (கணவாய்க்காக இவ்ளோ சண்டையான்னு நானே முதல்ல சிரிச்சேன்). கடைசில 2012ல கம்பெனியே பிளானை ஓரங்கட்டிருச்சு, காரணம் செலவு.

ரேஞ்சர் வேற மாதிரி. சுத்தி ககாடு தேசியப் பூங்கா, அதனால கழிவை திரும்ப குழிக்குள்ளயே போட்டு மூடணும், 10,000 வருஷம் வெளிய வரக்கூடாதுன்னு ரூல், அத கண்காணிக்க 1978லயே தனியா ஒரு அரசு விஞ்ஞானி ஆபீஸ். கசிவு, விபத்து அங்கயும் நடந்துச்சு, மறைக்க வேணாம். ஆனா யுரேனியத்த எடுத்த பிறகும் கதிர்வீச்சுல பெரும்பகுதி அந்த கழிவுலயே தான் நிக்குது, அதனால எனக்கு நூறு கண்டிஷன விட அந்த ஒரு ரூல் தான் பெருசா படுது.